புண்ணில்லாத கட்டு

மார்கழி பொறந்துட்டா எங் காலு ரெண்டும் எனக்குச் சொந்தமில்ல. விடியக்காலம் அஞ்சு மணிக்குப் பால்கேன் ரெண்டையும் கேரியர்ல மாட்டி, மம்சாபுரத்துல சைக்கிள் ஏறுனேன்னா, கண்மாய்க்கரை வாரதுக்குள்ள சுண்டுவிரலு போயிரும். பொறவு ஒவ்வொண்ணாப் போகும். வில்லிபுத்தூர்க் கோபுரத்து லைட்டு பனிக்குள்ள மங்கலாத் தெரியும்போது, முழங்காலுக்குக் கீழ என்ன இருக்குன்னே தெரியாது. குனிஞ்சு பாத்தா ரெண்டு காலு பெடல மிதிச்சுக்கிட்டு இருக்கும். யாரு காலோன்னு பாத்துக்கிட்டே போவேன்.

"நம்ம ஊருக் குளுரெல்லாம் ஒரு குளுரா மதினி"ன்னு கேக்காரு எங்க கொழுந்தன். பட்டாளத்துல இருக்காரு, காஷ்மீர் பக்கம். நீங்க பூட்சுக்குள்ள காலை வச்சுக்கிட்டு நிக்கீக தம்பி, ஒரு நாளைக்கு வெறுங்காலோட இந்த இரும்புப் பெடல மிதிச்சு வில்லிபுத்தூர் போயிட்டு வாங்க, பொறவு பேசுவோம்னேன்.

வெறுங்காலு எதுக்குன்னு கேப்பீக. செருப்பு வாங்க வக்கத்துப் போயா இருக்கேன். வீட்டுல மூணு சோடி கெடக்கு. போட மாட்டேன்னு சொல்லிட்டேன், அதனால போட மாட்டேன்.

சொன்னது ரெண்டு வருசத்துக்கு முன்னால, எம் மக சிவரஞ்சனி சடங்கு அன்னைக்கு. பொண்ணு சமைஞ்சு சடங்கு வச்சா மொத மாலை தாய்மாமன் போடணும். அவன் கை படாம ஒண்ணும் நடக்கக் கூடாது. எனக்குக் கூடப் பொறந்தவன் ஒரே ஒருத்தன், சோலைராஜ். என்னைவிட ஆறு வயசு எளையவன். இராஜபாளையத்துல பேண்டேஜ் கம்பெனில வேலை, கல்யாணம் முடிச்சு அங்கனயே இருக்கான். அன்னைக்கு அவனைக் காணோம். பந்தல் நெறையச் சனம், ஒம்பது மணிக்கு நல்ல நேரம் முடியுது, மாமன் எங்க மாமன் எங்கன்னு எல்லாரும் வாசலையே பாக்காக. நேரம் முடியப் போகுதுன்னு சொல்லி, எங்க பெரியம்மா மகன் விஜயபாண்டியக் கூப்பிட்டு, நீ மாலையப் போடுண்ணேன்னு நான்தான் சொன்னேன். அவரும் மாமன் முறைதானே. மாலை விழுந்து குலவைச் சத்தம் அடங்கல, வாசல்ல லோடு ஆட்டோ வந்து நிக்குது. இருபத்தொரு தட்டுச் சீரோட சோலைராஜ் எறங்குதான்.

உள்ள பாத்தான். கழுத்துல மாலையோட எம் மக ஒக்காந்துருக்கா. பொறவு என்னைப் பாத்தான். "என் எடத்துல வேற ஆளை நிப்பாட்டிட்டேல்ல. இனிமே ஒன் வாசல மிதிக்க மாட்டேங்க்கா"ன்னான். சத்தமெல்லாம் போடல. கொண்டாந்த தட்டு அம்புட்டையும் வாசலுக்கு வெளிய வரிசையா வச்சுட்டு, அதே ஆட்டோவுல ஏறிப் போயிட்டான். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். ஆட்டோ தெரு முக்குத் திரும்புன பொறவு தெருவுல நின்னு கத்துறேன், அவன் என் வாசல மிதிக்கிற வரைக்கும் நான் செருப்ப மிதிக்க மாட்டேன்னு. கோவத்துல வந்த சொல்லுதான். ஆனா தெருவே கேட்டுருச்சு, இனி எப்படி மாத்துறது.

சித்திரை வெயில்ல தாரு ரோடு சுட்டுச்சு, தாங்குனேன். மழையில நெருஞ்சி முள்ளு ஏறுச்சு, புடுங்கிப் போட்டுட்டுப் போனேன். மார்கழிதான் என்னால முடியல. நடக்குறவளுக்காச்சும் காலு சூடேறும். சைக்கிள்ல போறவளுக்குக் காலு ரெண்டும் காத்துலயே தொங்குது. எங்க மாட்டுப் பாலும் அக்கம்பக்கத்துல வாங்குன பாலும் வில்லிபுத்தூர்ல பால்கோவா கிண்டுற எடத்துக்கு ஆறு மணிக்குள்ள போயாகணும். எறங்கித் தள்ளிக்கிட்டு நடக்க நேரம் கெடையாது.

பண்ணாத வைத்தியம் இல்ல. நல்லெண்ணெயில கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தேச்சேன், ஊரு எல்லை வரைக்கும் சூடு நின்னுச்சு. என் வீட்டுக்காரரு பொன்னுராஜ் பெடலுல பழைய டியூப்ப வெட்டிச் சுத்திக் குடுத்தாக. இரும்பு படாம இருந்துச்சு, ஆனா காத்தை யாரு நிப்பாட்டுறது. "சாக்ஸு போட்டுக்கயேன், அது என்ன செருப்பா"ன்னாக. எனக்குச் சந்தேகம். அம்மன் கோயில் பூசாரிகிட்டப் போயிக் கேட்டேன், சாமி, சாக்ஸு செருப்புல சேருமா சேராதான்னு. அவரு என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, "நீ அம்மன்கிட்டயாம்மா சொன்ன? ஒன் தம்பிக்கில்ல சொன்ன. அவன்ட்டயே போயிக் கேளு"ன்னுட்டுத் திருநீற நீட்டுனாரு. கேக்கதுக்கு வழி இருந்தா நான் ஏன் வெறுங்காலோட அலையுதேன்.

ஒண்ணு சொல்லணும், சொல்ல வெக்கமா இருக்கு. அந்தக் காலு மரத்துப் போற நேரம் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. கண்மாய்க்கரை தாண்டுனா ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு. மேக்கு மலையில இருந்து பனி எறங்கி ரோட்டுல படுத்துக் கெடக்கும். பத்தடிக்கு ரோடு தெரியும், அதுக்கு மேல வெள்ளை. காலு இல்லாமப் போயிட்டா சைக்கிள் தன்னால போற மாதிரி இருக்கும். கேனுக்குள்ள பாலு தளும்புற சத்தம், செயின் சத்தம், தூரத்துக் கோயில் மைக்செட்டுப் பாட்டு, மூணும் ஒண்ணாக் கலந்து நான் மெதந்துக்கிட்டுப் போவேன். அப்பதான் எனக்கு முன்னால ஒருத்தன் சைக்கிள்ல போவான். முதுகு மட்டுந்தான் தெரியும், கட்டம் போட்ட சட்டை. அது சோலைராஜுன்னு எனக்குத் தெரியும். ஏலே நில்லுலேம்பேன். நிக்க மாட்டான். நான் வெரசா மிதிச்சா அவனும் வெரசாப் போவான், நான் மெதுவாப் போனா அவனும் மெதுவாப் போவான். வில்லிபுத்தூர் மொத டீக்கடை லைட்டு தெரிஞ்சதும் காணாமப் போயிருவான். பயமெல்லாம் இல்ல. குளுருல மூளை பண்ணுற வேலைன்னு எனக்கும் தெரியும். ஆனாலும் தெனமும் அந்த எடம் வந்ததும் இருக்கானான்னு பாப்பேன்.

இந்த மார்கழி நாலாந்தேதி செல்லத்தாய் வந்தா. அடுத்த வீட்டுக்காரி, அவளும் இராஜபாளையத்துல பேண்டேஜ் கம்பெனிதான், எந் தம்பி இருக்குற கம்பெனி இல்ல, வேற. எங் காலு விரலு வெளுத்துக் கெடக்கதப் பாத்துட்டு, "ஏட்டி மாரிக்கனி, காலை இப்படி வச்சுருந்தா ஒரு நாளு கழண்டு விழுந்துரும் பாத்துக்கோ"ன்னா. மறுநாள் ஒரு பை நெறைய பேண்டேஜ் துணி கொண்டாந்தா. ஓரம் பிரிஞ்சது, அளவு தப்புனதுன்னு கழிச்சுப் போட்ட துணி. கட்டு எந்த ஊர்லயும் செருப்பு ஆகாதுல்ல. எனக்கு மனசு ஒத்துக்கிருச்சு.

மொத நாளு நல்லா இறுக்கிச் சுத்துனேன். சும்மா இருந்ததவிட மோசமாப் போச்சு, ரத்தமே ஓடல. ரெண்டாம் நாளு தளத்திச் சுத்துனேன், பனி எறங்கி துணி நனைஞ்சு ஈரத்துணியோட ஓட்டுனேன். மூணாம் நாளு செல்லத்தாய் ஒக்காந்து கத்துக் குடுத்தா. விரலுக்கு விரலு பஞ்சு, அதுக்கு மேல தளர்வா ஒரு சுத்து, அதுக்கு மேல பிளாஸ்டிக் கவரு, கவரு தெரியாம இன்னொரு சுத்து. தலைக்கு மப்ளரு, தலை சூடா இருந்தாத்தான் காலுக்குச் சூடு எறங்குமாம். அன்னைக்குக் கண்மாய்க்கரை போச்சு, தென்னந்தோப்பு போச்சு, எங் காலு எங்கூடவே இருந்துச்சு. பத்து விரலையும் அசைச்சு அசைச்சுப் பாத்துக்கிட்டே போனேன். டீக்கடை லைட்டு வந்த பொறவுதான் நெனப்பு வருது, இன்னைக்கு அவன் முன்னால போகல. மறுநாளும் வரல. காலு சூடா இருந்தா வர மாட்டான் போலன்னு புரிஞ்சதும் எனக்கு ஏதோ தொலைச்சிட்ட மாதிரி ஆயிருச்சு. ஒரு நாளு கட்டை அவுத்துப் போட்டுட்டுப் போவமான்னுகூட நெனச்சேன்.

இதுக்குள்ள ரோட்டுல போறவுக வாரவுக வாயில நான் விழுந்துட்டேன். ரெண்டு காலுலயும் முழுசாக் கட்டுப் போட்டுக்கிட்டு ஒருத்தி சைக்கிள் மிதிச்சா யாரு சும்மா இருப்பா. சுகரான்னு கேட்டாக. கொதிக்குற பால ஊத்திக்கிட்டாளான்னு கேட்டாக. நின்னு பதில் சொல்ல எனக்கு எங்க நேரம், தலைய ஆட்டிட்டுப் போயிருவேன். ரெண்டு வீட்டுல இருந்து ஆரஞ்சுப் பழமும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் வந்துச்சு. வேண்டாம்னா கோவிப்பாகன்னு வாங்கி வச்சுக்கிட்டேன். இந்தப் பேச்சு பஸ் ஏறி இராஜபாளையம் போயி, மாரிக்கனிக்குக் காலை எடுக்கப் போறாகளாம்ங்கிற வரைக்கும் வளந்தது எனக்குத் தெரியாது.

மார்கழி பதினேழு. அன்னைக்குப் பனி ரொம்ப. தென்னந்தோப்பு தாண்டி ஒரு சின்னப் பாலம் இருக்கு. பாலத்துக் கட்டைக்குப் பக்கத்துல பைக்க நிப்பாட்டிட்டு ஒருத்தன் நிக்கான். எனக்கு மொதல்ல என்ன தோணுச்சுன்னா, இன்னைக்குக் காலு சூடாத்தானே இருக்கு, இவன் எப்படி வந்தான்னு. இன்னும் கொஞ்சம் கிட்டப் போனேன். முகம் தெரிஞ்சுது. இத்தனை நாளும் முதுகுதான் பாத்துருக்கேன். பிரேக்கப் புடிச்சேன்.

"அக்கா"ன்னான்.

ரெண்டு வருசம் கழிச்சுக் கேக்கேன். சைக்கிள அவனே வாங்கி ஸ்டாண்டு போட்டான். ஒன் வாசலுக்கு வர மாட்டேன்னு சொன்னவன், அதனால ரோட்டுல வந்து நிக்கான். ரோட்டுல பாக்க மாட்டேன்னு அவன் சொல்லலல்ல. என்னைப் பாலத்துக் கட்டையில ஒக்கார வச்சுட்டுக் கீழ குத்துக்கால் வச்சு ஒக்காந்தான். எங் காலைத் தூக்கித் தன் தொடை மேல வச்சுக்கிட்டு, கட்டை அவுக்க ஆரம்பிச்சான்.

புண்ணு இல்லலேன்னு அப்பவே சொல்லியிருக்கலாம். சொல்லல. அவன் கை சூடா இருந்துச்சு. புண்ணு வலிக்கும்னு நெனச்சு ஒவ்வொரு சுத்தையும் அம்புட்டுப் பதுவாப் பிரிக்கான். கம்பெனில நாளு முழுக்க இந்தத் துணியோடயே கெடக்குறவன், இன்னைக்குத்தான் தொட்டவன் மாதிரி பிரிக்கான். பனி எங்க ரெண்டு பேரையும் சுத்தி நிக்குது, ரோட்டுல ஒரு ஆளு இல்ல. இந்தக் கட்டு முடியவே கூடாது, சுத்து மேல சுத்து வந்துக்கிட்டே இருக்கணும்னு கெடந்துச்சு எனக்கு.

முடிஞ்சு போச்சு. கவர எடுத்தான், பஞ்ச எடுத்தான். பாதத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தான். இன்னொரு காலையும் அவுத்துப் பாத்தான்.

"புண்ணு எங்கக்கா?"

"புண்ணெல்லாம் இல்ல. குளுருக்குக் கட்டுனேன்."

"குளுருக்கா? செருப்புப் போட்டு ஒரு சாக்ஸ மாட்ட வேண்டியதுதானே?"

அப்பத்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இவனுக்கு ஒண்ணுமே தெரியாது. நான் தெருவுல நின்னு கத்துனப்ப இவன் ஆட்டோவுல போயிட்டான். ஊருக்கே தெரிஞ்ச விசயம், இவன்கிட்டப் போயி யாரும் சொல்லல. எல்லாந் தெரிஞ்சும் கல்லுமாதிரி இருக்கானேன்னு ரெண்டு வருசமா இவனைத் திட்டாத நாளு இல்ல. சொன்னேன். நீ என் வாசல மிதிக்கிற வரைக்கும் செருப்ப மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டேம்லேன்னேன்.

அவன் கண்ணு கலங்கிருச்சு. "ரயில்வே கேட்டுல மாட்டிக்கிட்டேங்க்கா அன்னைக்கு. ஒரு ரயிலு போச்சு, இன்னொண்ணு வருதுன்னு தொறக்காமலே வச்சுட்டான். எத்தனை தடவை போன் அடிச்சேன் தெரியுமா. சரி விடு. நல்ல நேரம் போகுதுன்னா நீதான் என்ன பண்ணுவ"ன்னான்.

அப்படியே விட்டிருக்கலாம். அவனே எனக்குப் பரிஞ்சு பேசுதான், மன்னிச்சிட்டான், தலைய ஆட்டியிருந்தா அத்தோட முடிஞ்சது. ஆனா எங் காலு அவன் தொடை மேல கெடக்கு, இல்லாத புண்ணுக்காக ஓடி வந்து ஒக்காந்துருக்கான். இவன்கிட்ட எப்படிப் பொய்ய வச்சுக்கிட்டுப் போறது.

"நேரம் இருந்துச்சுலே"ன்னேன். "மாலை போடும்போது எட்டு நாப்பது. இன்னும் இருபது நிமிசம் கெடந்துச்சு. நீ போன் அடிச்சதும் எனக்குத் தெரியும். ஒம் பேரைப் பாத்துட்டுத்தான் எடுக்கல. கல்யாணத்துக்குப் பொறவு எங்கள மறந்துட்டான், எல்லாத்துக்கும் பிந்தித்தான் வருதான், இன்னைக்கு வந்து பாத்துப் படட்டும்னு ஒரு வீம்பு. அதுதான் விஜயபாண்டி அண்ணன நிப்பாட்டுனேன். நேரமெல்லாம் சும்மா சொன்னது."

எங் காலைத் தூக்கிக் கீழ வச்சான். அவுத்த துணிய மடியில வச்சு உருட்டுனான், கம்பெனில உருட்டுற மாதிரியே ஓரம் பிசகாம. ரெண்டு உருளையையும் சட்டைப் பையில போட்டுக்கிட்டு எந்திரிச்சான். பைக்க உதைச்சான், போயிட்டான். செத்த நேரம் சிவப்பு லைட்டு தெரிஞ்சுது, பொறவு அதுவும் இல்ல. கிறுக்குப்பய, காலுல கெடந்த கட்டையும் எடுத்துட்டுப் போயிட்டான்.

அங்கன இருந்து வில்லிபுத்தூர் வரைக்கும் போன மாதிரி ஒரு குளுரு நான் பட்டதில்ல. காலு மரத்துப் போச்சு, முன்னால எவனும் போகல. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாத முண்டம்னு என்னைய நானே வஞ்சுக்கிட்டே மிதிச்சேன்.

பால ஊத்திட்டுத் திரும்பியிருக்கணும். வீட்டுக்குப் போனா வீட்டுக்காரருகிட்டச் சொல்லணும், எம் மககிட்டச் சொல்லணும், ஒங்க மாமன் வந்தான், நானே வெரட்டி விட்டுட்டேன்னு. அதுக்குத் தெம்பு இல்ல. பால்கோவா கிண்டுற எடத்துல நாலு அடுப்பும் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. முதலாளி சேதுபதி அண்ணாச்சி எங் காலைப் பாத்துட்டு, "அடுப்புக்கு ரொம்பக் கிட்டப் போகாம ஒக்காரும்மா"ன்னாரு. சுவத்துல சாஞ்சு காலை நீட்டுனேன். ஊசி ஊசியாக் குத்தி உணர்ச்சி வந்துச்சு. பெரிய வாணலியில பாலு சுண்டிக்கிட்டு இருக்கு, ரெண்டு பேரு மாத்தி மாத்திக் கிண்டுறாக, கரண்டி அடியில உரசுற சத்தம். அதக் கேட்டுக்கிட்டே கண்ணு சொருகிருச்சு. கெனாவுல பாலு மணக்குற பனி, நான் அதுக்குள்ள சைக்கிள் மிதிக்கேன், ரோடு முடியல, யாரும் இல்ல, வெள்ளை மட்டும் இருக்கு. எம்புட்டு நேரம் போனேனோ. "ஏம்மா, மணி எட்டரை"ன்னு அண்ணாச்சி எழுப்புன பொறவுதான் எந்திரிச்சேன். காலிக் கேன மாட்டிக்கிட்டு, ஓட்ட மனசு இல்லாம பாதி தூரம் தள்ளிக்கிட்டே வந்தேன். பனி வெலகி வெயிலு வந்துருச்சு.

எங்க தெருவுக்குள்ள திரும்பும்போது பத்தாகப் போகுது. எங்க வீட்டுக்கு முன்னால நாலஞ்சு பேரு நிக்காக. கிட்டப் போனா, வாசப்படிக்கு ரெண்டடி தள்ளி அந்தப் பைக்கு. அதுல சாஞ்சுக்கிட்டு சோலைராஜ் நிக்கான். நெலைப்படிக்கு உள்ள எம் மக சிவரஞ்சனி நிக்கா, அழுது முகம் வீங்கியிருக்கு.

என்னைப் பாத்ததும் என் வீட்டுக்காரரு ஓடி வந்தாக. "ஆறரைக்கு வந்தாரு. உள்ள வாங்க மாப்ளன்னு எத்தனை வாட்டி கூப்பிட்டுட்டேன், வர மாட்டேங்காரு. நாற்காலி போட்டேன், ஒக்காரல. காப்பியத் தொடல. கம்பெனில இருந்து ரெண்டு தடவை போன் வந்துருச்சு. நீ எங்கட்டி போன இம்புட்டு நேரம்?"

நான் அவன் கிட்டப் போனேன். மூணு மணி நேரத்துக்கு மேல நின்ன காலு, ஒரு காலை மாத்தி இன்னொரு காலுல நின்னான்.

"ஏலே, எட்டு மணிக்குக் கம்பெனிக்குப் போகணும்ல?"

"போகணும்."

"மணி பத்தாகப் போகுதேலே. உள்ள போயிருக்க வேண்டியதுதானே."

"நேரம் போனாப் போகுதுக்கா"ன்னான். "ஆளு வரணும்ல."

குத்திக் காட்டுறதுக்குச் சொல்லல அவன், அது எனக்குத் தெரியும். சாதாரணமாத்தான் சொன்னான். எனக்கு சைக்கிள ஸ்டாண்டு போடக் கையி வரல, அது கேனோட சாஞ்சு விழுந்துச்சு. ரெண்டு வருசமா வீம்புக்கு அழாம வச்சுருந்த அழுகை அம்புட்டையும் அந்தத் தெருவுல நின்னு அழுதேன். நான் அழுது முடிக்கிற வரைக்கும் அவன் வாசலுக்கு வெளியவே நின்னான்.